உள்ள ஆள் இருக்கா?

மார்ச் 3, திங்கள்

துணிக்கடை லிஃப்ட் மறுபடியும் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. கதவு ரோலரில் எவனோ சூயிங்கத்தை ஒட்டி வைத்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். என் ஆயுளில் பாதியைத் தின்றது மெஷின் இல்லை, சூயிங்கம்தான். சுரண்டி எடுத்து, துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு வீடு வந்து சேர ஆறு மணி.

சாப்பாட்டு மேஜையில் ஒரு கவர். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று அதன் மேல் என் மனைவி உப்பு ஜாடியை வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வந்திருச்சுங்க," என்றாள்.

கல்லூரி வேலை. நிரந்தரம். பதினான்கு வருஷமாகத் தற்காலிகமாகப் புவியியல் பாடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தத் தடவை கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஆனால் வேலை இங்கே இல்லை. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி, கல்லூரியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சின்ன ஊரில். இருபத்தெட்டாம் தேதிக்குள் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டுமாம். இதை விட்டால் அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த ஊர்ல எத்தனை மாடிக்குக் கட்டடம் இருக்கும்?" என்று என் வாய் கேட்டது.

அவள் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

நியாயமான கேள்விதானே? லிஃப்ட் மெக்கானிக் வேற என்னத்தைக் கேட்பான்?

மார்ச் 5, புதன்

உண்மையை எழுதுகிறேன். கம்பெனியின் பழைய சர்வீஸ் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதும் இதை யார் படிக்கப்போகிறார்கள்?

இதற்கு முன் ஒன்பது தடவை விண்ணப்பம் போட்டாள். ஒன்பது தடவையும் வரவில்லை. பத்தாவது தடவை "போதும், விட்டுடலாம்னு இருக்கேன்" என்று அவள் சொன்னபோது, "சும்மா போடு, போனா போகுது" என்று உற்சாகப்படுத்தியது நான். தபால் ஆபீஸ் வரை கூடவே போனேன். நல்ல புருஷன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். எல்லாம் கிடைக்காது என்கிற தைரியத்தில்.

இப்போது கிடைத்துவிட்டது. நான் யார்மேல் கோபப்படுவது?

மார்ச் 7, வெள்ளி

மொட்டையிடம் சொன்னேன். என்னோடு பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவன். தலையில் ஒரு முடி கிடையாது, வாயில் ஒரு கதவு கிடையாது.

"அந்த ஊரா? எங்க அத்தை பையன் அங்கதான் படிச்சான். அங்க ஏதுடா லிஃப்ட்டு? படிக்கட்டே ரொம்ப இல்ல. நீ போய் ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் சிக்கினா எடுத்து விடு."

சிரித்தேன். எரிந்தது.

மத்தியானம் பதினோரு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி வேலை. மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து, என் போட்டோவும் பெயரும் போட்ட அட்டையை அதில் மாட்டி, என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். எங்கள் தொழிலில் இது ஒன்றுதான் சாமி சத்தியம் மாதிரி. யார் மாட்டினானோ அவன்தான் எடுக்கணும். மேனேஜரே வந்தாலும் அடுத்தவன் அட்டையில் கை வைக்க மாட்டார். எடுப்பதற்கு முன்னாலும் "உள்ள ஆள் இருக்கா?" என்று மூன்று தடவை கத்திக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவோம். மூன்று தடவையும் பதில் வரக் கூடாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் எவனோ சுவிட்சைப் போட்டு, அதில் போய்ச் சேர்ந்தவர்களின் கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு தெரியும்.

இந்த நகரத்தில் நாற்பத்தோரு லிஃப்ட் என் பொறுப்பில். சத்தத்தை வைத்தே எது எதுவென்று சொல்வேன். அங்கே போய் நான் எதைக் காது கொடுத்துக் கேட்பது?

மார்ச் 9, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். கை ஆடுகிறது.

நேற்று நான், அவள், மகள் மூன்று பேரும் அந்த ஊரைப் பார்க்கப் போனோம். ஒரே ஒரு நீளத் தெரு. இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் கடை, பைண்டிங் கடை, மறுபடி ஜெராக்ஸ் கடை. வீட்டுக்கு வீடு "அறை வாடகைக்கு – மாணவர்களுக்கு மட்டும்" என்று பலகை. பையன்களும் பெண்களும் தெருவை அடைத்துக்கொண்டு நடக்கிறார்கள், ஹாரன் அடித்தாலும் நகர்வதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

கட்டடங்களை எண்ணினேன். எல்லாம் இரண்டு மாடி. கல்லூரி நூலகம் மட்டும் நாலு. அதில் ஒரு லிஃப்ட். கதவில் "பழுது" என்று அட்டை, அந்த அட்டையே பழுத்து மஞ்சளாகிவிட்டது.

"எத்தனை நாளா?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"நாளா? நான் வேலைக்குச் சேர்ந்தே மூணு வருஷம் சார். அது ஒரு அழகுக்கு இருக்கு."

துறைத் தலைவர் அம்மா அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வெளியே பெஞ்சு. கிளார்க் ஒருத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

"லிஃப்ட்."

கொஞ்சம் யோசித்தார். "ஓ... மேடத்தோட வீட்டுக்காரரா?" என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் திரும்பவும் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷ அனுபவம், ஒரே வரியில் காலி.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவளுக்கென்று கொடுக்கப்போகும் அறை. ஜன்னல், ஒரு மேஜை, சுவரில் ஒரு பெரிய வரைபடம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவள் அந்த மேஜையின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெல்லத் தடவினாள். பதினான்கு வருஷமாகப் பொது ஆசிரியர் அறையில், யாராவது வந்து எழுப்பிவிடும் நாற்காலியில் உட்கார்ந்தவள்.

அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என்ன மனுஷன் நான்?

மார்ச் 12, புதன்

சண்டை. பெரிய சண்டை.

"இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. என்னன்னு சொல்லுங்க," என்றாள்.

"நீ போ. நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"போகச் சொல்றீங்களா, வர்றேன்னு சொல்றீங்களா, வரமாட்டேன்னு சொல்றீங்களா?"

"யோசிக்க டைம் குடு."

"ஒன்பது நாளா யோசிக்கிறீங்க. தட்டை டங்குன்னு வைக்கிறது யோசனையா? கதவைப் படார்னு சாத்துறது யோசனையா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். "உன் ஜாக்ரஃபி பாடம் இல்லாமத்தான் பூமி சுத்தாம நின்னுடுச்சா" என்ற மாதிரி ஒன்று. சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, மேலும் இரண்டு வாக்கியம் பேசினேன்.

மகள் அறையிலிருந்து வந்தாள். பதினாலு வயது, எங்கள் வீட்டு வக்கீல்.

"எனக்கும் அந்த ஊர் பிடிக்கல. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஆனா பிடிக்கலன்னு அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லி, அழுது, முடிச்சிட்டேன். நீங்க இன்னும் எதுவுமே சொல்லலப்பா. வெறும் கோபம்தான் படறீங்க."

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராதே."

"பேசினா வரமாட்டேன்."

இவளை யார் பெற்றது?

மார்ச் 15, சனி

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால் வக்கீல் மூலம்.

மார்ச் 18, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார். மொட்டை உளறியிருக்கிறான். "நீ போயிட்டா அந்தப் பழைய மெஷின்களை எல்லாம் யாருய்யா பாக்கிறது? உன் காது வேற யாருக்கு இருக்கு?" என்றார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, அவள் காதில் விழும்படி வக்கீலிடம் அதை அப்படியே சொன்னேன்.

அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நல்லது," என்றாள்.

நல்லதாம்! அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இதை எழுதாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

காலையில் பதினோரு மாடிக் கட்டடம். பிரேக் இழுக்கிறது என்று புகார். மெஷின் ரூமில் சுவிட்சை அணைத்தேன், அட்டையை மாட்டினேன், பூட்டினேன். அரை மணி நேர வேலை, முடித்தும்விட்டேன். அப்போது அவள் போன்.

"காலேஜ் குவார்ட்டர்ஸ் பாரத்துல எத்தனை பேருன்னு கேக்கறாங்க. இன்னிக்காவது சொல்லுங்க."

"வேலை நேரத்துல உயிரை எடுக்காதே!" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். போனை அணைத்தேன். கோபத்தில் கண் தெரியவில்லை. டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினோரு மாடியும் படியிலேயே இறங்கி, பின்வாசல் வழியாக வெளியே வந்து, பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடப்பதால் வந்த முதல் பஸ்ஸில் ஏறி, கண்ணில் பட்ட தியேட்டரில் நுழைந்தேன். ஆமாம், படம் பார்க்க! கதையில் ஒரு சீன்கூட இப்போது சொல்லத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன். கையில் வந்தது பூட்டுச் சாவி.

அட்டையையும் பூட்டையும் சுவிட்சிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்! அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஆட்டோ பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. அந்தக் கட்டடத்தில் எட்டாவது மாடியில் எலும்பு டாக்டர். படிக்கட்டில் ஒருத்தர் தன் அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார், ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். நானும் ஒரு கை பிடித்தேன். "பரவாயில்ல தம்பி, லிஃப்ட்டுக்குள்ள மெக்கானிக் யாரோ மாட்டிக்கிட்டாராம், பாவம்," என்றார் அந்த அம்மா.

மெஷின் ரூமில் மொட்டை தரையில் உட்கார்ந்திருந்தான். முட்டி வரை கிரீஸ், கை முழுக்கச் சிராய்ப்பு. எதிரே கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்னின் மேல் என் மனைவி. சேலை ஓரமெல்லாம் கறுப்பு. என் அட்டை சுவிட்சில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் மொட்டை எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லிஃப்ட் ஓடலன்னு புகார் வந்து ஓடி வந்தேன். குழியில இறங்கித் தேடினேன்டா. டாப்ல ஏறித் தேடினேன். உன் போன் எடுக்கல. உன் அட்டை இருக்கு, உன்னைக் காணோம். நான் என்னன்னு நினைக்க? மாடி மாடியா கதவைத் திறந்து டார்ச் அடிச்சு, உள்ள ஆள் இருக்கா, உள்ள ஆள் இருக்கான்னு... தொண்டை கிழிஞ்சிருச்சு. நான் போன் பண்ணினதும் உன் வீட்டம்மா ஓடி வந்து என் பின்னாடியே ஏறினாங்க. பதினோரு மாடி. ஒவ்வொரு மாடியிலயும் அவங்களும் குனிஞ்சு கூப்பிட்டாங்க."

"பூட்டை வெட்டியிருக்கலாமேடா," என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆபீஸ்லயும் அதான் சொன்னாங்க. நீ உள்ள எங்கயாவது மயங்கிக் கிடந்தா? வெட்டிட்டு சுவிட்சைப் போட்டு உன்னை நசுக்கச் சொல்றியா? உன் அட்டைடா அது!"

அவன் போய்விட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரலே இல்லை அவளுக்கு. எழுந்து, என்னைத் தொடாமல், கதவைத் தாண்டிப் போனாள்.

பூட்டைத் திறந்தேன். வழக்கம்போல் மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு தடவைகூட வாயிலிருந்து வரவில்லை.

மார்ச் 22, சனி

ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரியான தண்டனை. சரியான ஒன்றின் மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் கோபமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

அவள் தொண்டை இன்று கொஞ்சம் சரியாயிற்று. காலையில் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே பேசினாள். கத்தவில்லை.

"அன்னிக்கு ஒரு நாள் நீங்க அட்டையை மாட்டிட்டுப் போயிட்டீங்கன்னு எல்லாரும் பதறுறாங்க. வீட்ல மூணு வாரமா அதான் நடக்குது. நீங்க எடுக்கவும் இல்ல. வேற யாரும் எடுக்கவும் முடியல. நாங்க ரெண்டு பேரும் படியேறிட்டே இருக்கோம்."

"நான் வீட்லதானே இருக்கேன்?"

"நான் கூப்பிட்டப்ப பதில் வரலையே."

போய்விட்டாள். பதினான்கு வருஷம் பாடம் நடத்தியவள் அல்லவா? மண்டையில் ஏறுகிற மாதிரிதான் சொல்வாள்.

மார்ச் 25, செவ்வாய்

அவள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. எனக்கு அந்த ஊர்மேல் என்ன கோபம்? அந்த ஊர் என்னை என்ன செய்தது? ஒரு கிளார்க் என்னை மேடத்தோட வீட்டுக்காரர் என்றார். நான் அவளுடைய வீட்டுக்காரன்தானே? பதினேழு வருஷமாக அவளை எல்லோரும் "லிஃப்ட்காரர் சம்சாரம்" என்றுதான் இந்தத் தெருவில் சொல்கிறார்கள். அவள் ஒரு நாளும் தட்டை டங்கென்று வைக்கவில்லை.

பயம். எழுதியாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் ஒன்றும் தெரியாத ஊரில், ஒன்றும் இல்லாதவனாகப் போய் நிற்க எனக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் கத்தியிருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் மேஜைமேல் இரண்டு தாள், உப்பு ஜாடியின் அடியில். ஒன்று அவளுடைய சம்மதக் கடிதம். கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்னொன்று குவார்ட்டர்ஸ் பாரம். "உடன் தங்குவோர்" என்று ஒரு கட்டம். முதல் வரியில் மகள் பெயர், உறவு, மாணவி என்று அவளுடைய அழகான கையெழுத்து. இரண்டாவது வரி காலி.

"நான் போறேன்," என்றாள். "அது முடிவாயிருச்சு. அதுக்கு உங்ககிட்ட நான் அனுமதி கேக்கல. நீங்க வர்றீங்களாங்கிறதை மட்டும் நான் எழுத முடியாது. காலையில பத்து மணிக்குத் தபால்ல சேர்க்கணும்."

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் இல்லையா?" என்றாள். "போங்க, இதைச் சொல்ல இருபத்திநாலு நாளா?"

கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் இன்றைக்கு உப்பை அவளே என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மார்ச் 28, வெள்ளி

என் பேனா எழுதவில்லை. வக்கீலிடம் பேனா கடன் வாங்கினேன். பெயர். உறவு. தொழில் என்ற இடத்தில் கட்டம் போதவில்லை, "லிஃப்ட் மெக்கானிக்" என்று வெளியே வரைக்கும் இழுத்து எழுதினேன். இருக்கட்டும், படிக்கட்டும்.

ஜூலை 9, புதன்

எந்த மடையன் இந்த வயரை இப்படி இழுத்தது? கையில் கிடைத்தால் தொலைந்தான். நூலக லிஃப்ட்டில் இன்றைக்கு மூன்றாவது நாள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குள் குருவிக் கூடு. கம்பிக் கயிற்றுக்குச் சமையல் எண்ணெய் போட்டிருக்கிறார்கள், சமையல் எண்ணெய்! மோப்பம் பிடித்து எலி வந்திருக்கிறது. மூன்று வருஷம் இதை "அழகுக்கு" வைத்திருந்த புண்ணியவான்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும். இந்த வேலையை வாங்கவே நாலு கடிதம் எழுதி, ஆபீஸில் இரண்டு தடவை சத்தம் போட வேண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடி கிளார்க் என்னைக் கண்டாலே இப்போது ஃபைலோடு எழுந்து போய்விடுகிறார்.

மீதி நாளெல்லாம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு லிஃப்ட் பார்க்க பஸ்ஸில் போய் வருகிறேன். தெருவில் இந்தப் பிள்ளைகள் ஹாரனுக்கு நகர்வதே இல்லை. ஊர் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் தினமும் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். வக்கீல் "குறித்துக்கொண்டேன்" என்கிறாள்.

மூன்றரை மணிக்கு மேலே சுவிட்சைப் பூட்டிவிட்டுக் குழிக்குள் இருந்தேன். ஒரே இருட்டு, டார்ச் வேறு மங்கல், எலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, திறந்து வைத்த கதவோரம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அவளுக்கு அந்த நேரத்தில் வகுப்பு இல்லை. சாக்பீஸ் தூசியோடு ஒரு கை கதவு விளிம்பைப் பிடித்தது.

"உள்ள ஆள் இருக்கா?" என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்," என்றேன்.